கம்பி ஓடாத வெல்டிங் மெஷின்: விற்பவரும் வாங்குபவரும் அறிய வேண்டியவை

நம் சங்கத்தில் இரும்புக் கடை, ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் பலர் கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய வெல்டிங் மெஷின்களை விற்கிறார்கள். மளிகைக் கடை, அரிசி மண்டி, பாத்திரக் கடை வைத்திருப்பவர்களில் சிலர் அவற்றை வாங்கி, ரேக், ஷட்டர் கொக்கி, தள்ளுவண்டி, தராசு மேடை போன்ற சில்லறை வேலைகளைத் தாங்களே பார்த்துக் கொள்கிறார்கள். ராடு போட்டு ஒட்டும் பழைய வகை மெஷினைவிட, கம்பிச் சுருள் வைத்து ஒட்டும் மிக் வகை மெஷின் புதியவர்களுக்கு எளிது. டார்ச்சின் விசையை அழுத்தினால் கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும்.

கம்பி தானாக வருவதுதான் இதன் வசதி. அது வராமல் போவதுதான் இதன் பெரிய தொல்லையும். வாங்கிச் சென்றவர் சில நாட்களில் மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார். "கம்பி வரவில்லை, மெஷின் சரியில்லை" என்பார். விற்றவருக்கு விவரம் தெரியாவிட்டால் மெஷினைக் கம்பெனிக்கு அனுப்புவார். அது போய் வருவதற்குள் வாடிக்கையாளரின் வேலை கெடும், நம் பெயரும் கெடும்.

எனக்கே இப்படி நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில் மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர் என்னிடம் ஒரு மெஷினும் ஒரு கம்பிச் சுருளும் வாங்கினார். தீபாவளிச் சரக்கு இறங்குவதற்குள் கிட்டங்கியில் ரேக் அடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. மூன்றாம் நாளே திரும்பி வந்தார். கம்பி விட்டு விட்டு வருகிறது, பிறகு உள்ளே சிக்கிக்கொள்கிறது என்றார். பழைய வாடிக்கையாளர் என்பதால் பேசாமல் வேறு மெஷின் மாற்றிக் கொடுத்தேன். அதிலும் அதே கதை. "தம்பி, மெஷினை எடுத்துக்கிட்டுப் பணத்தைக் கொடுங்க, என் வேலை நிக்குது" என்றார். பணத்தைக் கொடுத்தேன். இரண்டு மெஷின்களும் கம்பெனிக்குப் போய் மூன்று வாரம் கழித்து "குறை ஏதும் இல்லை" என்ற சீட்டுடன் திரும்பி வந்தன. அதற்குள் ரேக் இல்லாமல் தரையில் அடுக்கிய வெல்ல மூட்டைகள் மழை ஈரத்தில் கசிந்து அண்ணாச்சிக்கு நல்ல நஷ்டம். உண்மையில் குறை எங்கே இருந்தது என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

இந்த மெஷினில் கம்பி ஓடாததற்கான காரணங்களில் பெரும்பாலானவற்றைக் கடையிலேயே, பத்துப் பதினைந்து நிமிடத்தில், மூடியைத் திறந்து கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு மெக்கானிக் படிப்பு வேண்டாம். கம்பி போகும் வழி தெரிந்தால் போதும்.

கம்பி போகும் வழி

பக்கத்து மூடியைத் திறந்தால் முதலில் தெரிவது கம்பிச் சுருள். அதை ஸ்பூல் என்பார்கள். சிறிய மெஷின்களில் 1 கிலோ அல்லது 5 கிலோ ஸ்பூல் பொருந்தும். 1 கிலோ ஸ்பூலின் குறுக்களவு 100 மில்லி மீட்டர், 5 கிலோ ஸ்பூல் 200 மி.மீ. பட்டறைகளில் பயன்படும் 15 கிலோ ஸ்பூல் 300 மி.மீ. ஸ்பூல் மாட்டும் அச்சில் ஒரு திருகு உண்டு. ஸ்பூல் தறிகெட்டுச் சுற்றாமல் லேசாகப் பிடித்து வைக்கும் பிரேக் அது.

ஸ்பூலிலிருந்து வரும் கம்பி இரண்டு சக்கரங்களுக்கு நடுவே புகுகிறது. கீழ்ச் சக்கரத்தை மோட்டார் சுற்றுகிறது. அதில் கம்பி உட்காரப் பள்ளம் இருக்கும். மேல் சக்கரம் ஸ்பிரிங் வைத்த கைப்பிடியால் கம்பியை அமுக்கிப் பிடிக்கிறது. இந்த ரோலர்கள்தான் கம்பியை முன்னே தள்ளுகின்றன.

தள்ளப்பட்ட கம்பி டார்ச் கேபிளுக்குள் இருக்கும் லைனர் என்ற மெல்லிய குழாய்க்குள் போகிறது. இரும்புக் கம்பிக்கான லைனர் ஸ்பிரிங் போல நெருக்கமாகச் சுற்றிய எஃகுக் குழாய். டார்ச்சின் முனையில் செம்பினால் ஆன டிப் இருக்கிறது. கம்பிக்கு மின்சாரம் ஏறுவது இந்த டிப்பில்தான்.

ஆகவே ஸ்பூல், ரோலர், லைனர், டிப் என்ற நான்கு இடங்கள். இவற்றோடு கம்பியின் தரமும் கரண்டும் சேர்ந்தால் ஆறு. கோளாறு இந்த ஆறில் ஒன்றில்தான் இருக்கும்.

முதல் சோதனை: மோட்டார் ஓடுகிறதா?

வாடிக்கையாளர் மெஷினைக் கொண்டுவந்ததும் மூடியைத் திறந்து வைத்து டார்ச் விசையை அழுத்தச் சொல்லுங்கள். எர்த் கிளாம்ப் எந்த இரும்பிலும் மாட்டியிருக்கக் கூடாது. விசை அழுத்தியிருக்கும்போது கம்பியிலும் ஸ்பூலிலும் மின்சாரம் இருக்கும் என்பதால் கையால் தொடக் கூடாது. கண்ணால் மட்டும் பாருங்கள்.

ரோலர் சுற்றவே இல்லை என்றால் பிரச்சினை மின்சார வழியில். மெஷின் சூடேறி மஞ்சள் விளக்கு எரிகிறதா, டார்ச்சின் விசை வயர் மெஷினில் சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா, பியூஸ் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் அது கம்பெனிக்குப் போக வேண்டிய மெஷின். நாம் உள் மூடியைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

ரோலர் சுற்றுகிறது, கம்பி நகரவில்லை அல்லது திக்கித் திக்கி வருகிறது என்றால் கோளாறு கம்பி வழியில். அடுத்த சோதனைக்குப் போகலாம்.

காற்றில் கம்பி சீராக வருகிறது, ஒட்டும்போது மட்டும் திக்குகிறது என்றால் குறை பெரும்பாலும் கம்பி ஓட்டத்தில் இல்லை. எர்த் கிளாம்ப் பெயிண்ட் அல்லது துருவின் மேல் மாட்டப்பட்டிருக்கும். அல்லது டிப் தேய்ந்து கம்பியோடு சரியாகத் தொடாமல் இருக்கும். கிளாம்ப் மாட்டும் இடத்தை அரம் போட்டுப் பளபளப்பாக்கிப் பாருங்கள். பல சமயம் வேலை அதோடு முடிந்துவிடும்.

இரண்டாம் சோதனை: கையால் இழுத்துப் பார்த்தல்

மெஷினை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். டார்ச் கேபிளை நேராக நீட்டி வையுங்கள். ரோலரின் கைப்பிடியை மேலே தூக்கிவிடுங்கள். பிறகு டார்ச் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைக் குறடால் பிடித்து மெதுவாக இழுங்கள்.

கம்பி சுலபமாக வந்தால் டிப், லைனர், ஸ்பூல் மூன்றும் நன்றாக உள்ளன. குறை ரோலரில். கம்பி இறுக்கமாக வந்தால் டிப்பைக் கழற்றிவிட்டு மறுபடி இழுங்கள். இப்போது சுலபமாக வந்தால் குறை டிப்பில். இன்னும் இறுக்கம் என்றால் ரோலருக்குப் பின்னால், ஸ்பூல் பக்கம் கம்பியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அங்கேயே இறுக்கம் இருந்தால் குறை ஸ்பூலில். அங்கே இலகுவாக வந்தால் மீதமிருப்பது லைனர் மட்டுமே.

இந்த ஒரு சோதனையை மனதில் வைத்துக்கொண்டால் போதும். இனி ஒவ்வொரு இடமாகப் பார்ப்போம்.

டிப்

விலை குறைவானதும் அடிக்கடி கெடுவதும் இதுதான். டிப்பின் மேல் 0.6, 0.8, 1.0 என்று அளவு பொறித்திருக்கும். 0.8 கம்பிக்கு 0.8 டிப்தான் போட வேண்டும். 0.6 டிப்பில் 0.8 கம்பி புகாது. 1.0 டிப் போட்டால் கம்பி உள்ளே ஆடும், மின்சாரம் விட்டு விட்டுப் பாயும்.

நாளடைவில் டிப்பின் ஓட்டை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் தேயும். ஒட்டும்போது தெறிக்கும் இரும்புத் துளிகள் வாயில் அடைக்கும். சில சமயம் கம்பியே உருகி டிப்போடு ஒட்டிக்கொள்ளும். டார்ச்சை வேலைக்கு மிக நெருக்கமாகப் பிடித்தாலும், கம்பி வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைக் கூட்டி வைத்தாலும் இப்படி ஆகும். ஆறவிட்டு டிப்பைக் கழற்றி, கம்பியை வெட்டிவிட்டு, புது டிப் போட வேண்டியதுதான். கேஸ் போட்டு ஒட்டும்போது டிப்புக்கும் வேலைக்கும் நடுவே 10 மி.மீ. அளவு கம்பி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மருந்து அடைத்த கம்பிக்கு 15 முதல் 20 மி.மீ. வரை நீளலாம்.

மெஷின் விற்கும்போதே ஐந்து டிப்புகளைச் சேர்த்து விற்றுவிடுங்கள். வாங்குபவருக்குப் பெரிய செலவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை நிற்காது.

ரோலர்

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று: பள்ளத்தின் அளவு, பள்ளத்தின் வகை, அமுக்கம்.

ஒரு ரோலரில் பொதுவாக இரண்டு பள்ளங்கள் இருக்கும், உதாரணமாக ஒன்று 0.6, இன்னொன்று 0.8. ரோலரைக் கழற்றித் திருப்பிப் போட்டால் மற்றப் பள்ளம் வேலைக்கு வரும். 0.6 கம்பியை 0.8 பள்ளத்தில் வைத்தால் பிடிப்பு இருக்காது, வழுக்கும். வாடிக்கையாளர் ஸ்பூலை மாற்றும்போது ரோலரைத் திருப்ப மறந்திருப்பார். எந்தப் பள்ளம் நடப்பில் இருக்கிறது என்பதை எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், கம்பி எந்தப் பள்ளத்தில் உட்காருகிறது என்று கண்ணால் பாருங்கள்.

வகையைப் பொறுத்தவரை, சாதாரண இரும்புக் கம்பிக்கு வழவழப்பான கூர்ப்பள்ளம். கேஸ் இல்லாமல் ஒட்டும் கம்பி நடுவே மருந்து அடைத்த குழாய் போன்றது. அதை வழவழப்பான ரோலரில் வைத்து இறுக்கினால் நசுங்கிவிடும். அதனால் அதற்குப் பல் வெட்டிய ரோலர் வேண்டும். அலுமினியக் கம்பி மிக மென்மையானது. அதற்கு வட்டப்பள்ளமும் டெப்லான் லைனரும் தேவை. சிறிய மெஷினில் நீளமான டார்ச்சோடு அலுமினியம் ஒட்டுவது அனுபவசாலிக்கே சிரமம். இதை விற்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அமுக்கத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. கம்பி வழுக்கினால் திருகை இறுக்கு, இன்னும் இறுக்கு என்பார்கள். இறுக்க இறுக்கக் கம்பி நசுங்கும். நசுங்கிய கம்பி டிப்பில் புகாது, லைனரில் உரசும். வேறெங்காவது அடைப்பு இருந்தால் ரோலர் வழுக்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும். போக வழியில்லாத கம்பி ரோலருக்கும் லைனர் வாய்க்கும் நடுவே குருவிக்கூடு போலச் சுருண்டுவிடும்.

சரியான முறை இது. திருகை முழுக்கத் தளர்த்திவிட்டு, கம்பி வழுக்காமல் ஓடும் வரை சிறிது சிறிதாக இறுக்குங்கள். பிறகு டார்ச்சைக் காய்ந்த மரக்கட்டைக்கு நேராகச் சற்று எட்டப் பிடித்து விசையை அழுத்துங்கள். கம்பி கட்டையில் முட்டி வளைந்து சுருண்டு வந்தால் அமுக்கம் போதும். முனையைக் கட்டைக்கு மிக அருகில் கொண்டுபோய்க் கம்பி வளைய இடமில்லாமல் செய்தால் ரோலர் வழுக்க வேண்டும். அப்போதும் வழுக்காமல் தள்ளினால் அமுக்கம் அதிகம்.

குருவிக்கூடு விழுந்துவிட்டால் அவிழ்க்க முயல வேண்டாம். மெஷினை அணைத்து, இரண்டு பக்கமும் கம்பியை வெட்டிச் சிக்கலை எடுத்து எறியுங்கள். டார்ச்சுக்குள் இருக்கும் துண்டையும் இழுத்துவிடுங்கள். புதிய நுனியை அரத்தால் மழுக்கி, பிசிறில்லாமல் செய்து மறுபடி கோர்க்க வேண்டும். நசுங்கிய கம்பியில் ஒரு முழத்தைக்கூட உள்ளே விடாதீர்கள்.

லைனர்

கம்பியின் மேல் உள்ள செம்புப் பூச்சு உரசி உரசிப் பொடியாக உதிரும். கடைத் தூசியும் சேர்ந்து லைனருக்குள் படியும். ஒவ்வொரு ஸ்பூல் மாற்றும்போதும் டிப்பைக் கழற்றிவிட்டு, உலர்ந்த காற்றை அடித்து இதை ஊதிவிட வேண்டும். டயர் கடைக் காற்றாக இருந்தால் அதில் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிளைச் சிறு வளையமாகச் சுருட்டி வைத்துக்கொண்டு ஒட்டினால் நல்ல லைனரிலும் கம்பி இறுகும். கேபிளை மிதித்தாலோ, மூட்டை ஏற்றினாலோ உள்ளே லைனர் மடியும். மடிந்த லைனரை நிமிர்த்த முடியாது, மாற்ற வேண்டும். புது லைனரை அளவாக வெட்ட வேண்டும். குட்டையாக வெட்டினால் ரோலர் பக்கமோ டிப் பக்கமோ இடைவெளி விழுந்து அங்கே கம்பி மடங்கும். பல தயாரிப்புகளில் 0.6, 0.8 கம்பிக்கு நீல நிற லைனரும், 1.0, 1.2 கம்பிக்குச் சிவப்பு நிற லைனரும் வரும்.

கம்பி சுலபமாக ஓடட்டும் என்று சிலர் எண்ணெய் விடுகிறார்கள். இது கூடவே கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்துக் களிம்பாக்கி லைனரை அடைக்கும். எரிந்து புகையாகி ஒட்டில் துளைகள் விழவும் செய்யும்.

ஸ்பூல்

பிரேக் திருகு அதிக இறுக்கமாக இருந்தால் ரோலர் இழுக்க முடியாமல் வழுக்கும். மிகத் தளர்வாக இருந்தால், விசையை விட்டதும் ஸ்பூல் நிற்காமல் சுற்றிக் கம்பி நெகிழ்ந்து பக்கத்தில் விழும். விசையை விட்டதும் ஸ்பூல் உடனே நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கம் போதும்.

புது ஸ்பூலைப் பிரிக்கும்போது நுனியைக் கையிலிருந்து நழுவவிடக் கூடாது. விட்டால் கம்பி ஸ்பிரிங் போல எழுந்து ஒரு சுற்றுக்கு அடியில் இன்னொரு சுற்று புகுந்துகொள்ளும். பிறகு ஓடும்போது திடீர் திடீரென்று இறுகும். ஸ்பூலைத் தலைகீழாக மாட்டி, கம்பி வளைந்து ரோலருக்குப் போகும்படி வைப்பதும் உண்டு. கம்பி நேராக ரோலரில் புகும்படி மாட்ட வேண்டும்.

கம்பி: என் கடையில் நடந்த தவறு

அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மெஷின்களிலும் குறை இல்லை என்று வந்ததும் அவர் திருப்பிக் கொடுத்த கம்பிச் சுருளை எடுத்துப் பார்த்தேன். மேல் சுற்றுகள் பளபளப்பாக இருந்தன. நாலு சுற்றுக்குக் கீழே கம்பி பழுப்பு நிறத்தில், தொட்டால் சொரசொரவென்று இருந்தது. அந்தச் சுருளின் உறையை வேறொருவருக்குக் காட்டுவதற்காக முந்தைய மழைக் காலத்தில் நான்தான் பிரித்தேன். பிறகு அப்படியே ஈரம் கசியும் சுவரை ஒட்டிய தட்டில் வைத்துவிட்டேன். மெஷினை மாற்றிக் கொடுத்தபோதும் அதே சுருளைத்தான் அவர் புது மெஷினில் மாட்டினார். குறை கம்பெனி மெஷினில் இல்லை, என் தட்டில் இருந்தது. சுருளைப் பிரித்துக் காட்டி, தவறு என்னுடையது என்று அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். வெல்லம் திரும்பி வரவில்லை. ஆனால் அவர் இன்றும் என் கடைக்கு வருகிறார்.

துருப் பிடித்த கம்பி ரோலரில் வழுக்கும், லைனரில் உரசிப் பொடி கொட்டும், டிப்பில் மின்சாரம் ஏற விடாது. கம்பியை வெள்ளைத் துணியால் பிடித்து இழுத்துப் பாருங்கள். துணியில் பழுப்புக் கறை ஏறினால் அந்தச் சுருளை விற்க வேண்டாம்.

மளிகைக்காரர்களுக்கு ஈரத்தைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பருப்பையும் சர்க்கரையையும் எப்படிக் காக்கிறோமோ அப்படியே கம்பியையும் காக்க வேண்டும். உறை பிரிக்காமல், தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். முதலில் வந்த சரக்கு முதலில் போகட்டும். பிரித்த சுருளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் சுருளை மெஷினிலேயே விடாமல் கழற்றி வைக்கும்படி வாடிக்கையாளரிடமும் சொல்லுங்கள். கடலோர ஊர்களில் இது மிக அவசியம்.

"ஒரு சுருள் எவ்வளவு வரும்?" என்றும் கேட்பார்கள். 0.8 மி.மீ. இரும்புக் கம்பி 1 கிலோவுக்கு ஏறத்தாழ 250 மீட்டர் நீளம். நிமிடத்துக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓட்டினால் விடாமல் 50 நிமிடம் ஒட்டலாம். 0.6 கம்பி என்றால் கிலோவுக்கு 450 மீட்டர் வரும்.

வேகத்தை அளக்கவும் எளிய வழி உண்டு. விசையை 6 விநாடி அழுத்தி, வந்த கம்பியை அளந்து பத்தால் பெருக்கினால் நிமிட வேகம். ஒரே இடத்தில் குமிழை வைத்து மூன்று முறை செய்யுங்கள். மூன்று நீளமும் ஒன்றாக இருந்தால் கம்பி ஓட்டம் சரி. நீளம் கூடிக் குறைந்தால் எங்கோ வழுக்குகிறது. வாடிக்கையாளர் முன்பாகவே இதைச் செய்து காட்டினால் வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

கரண்டும் இணைப்பும்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் போட்டால் மெஷினுக்கு அந்த வோல்டேஜ் போய்ச் சேராது. 30 மீட்டர் நீளமுள்ள 1 சதுர மி.மீ. செம்பு வயரில் 15 ஆம்பியர் பாய்ந்தால் வயரிலேயே சுமார் 15 வோல்ட் குறையும். 2.5 சதுர மி.மீ. வயர் என்றால் 6 வோல்ட்தான் குறையும். வோல்டேஜ் குறைந்தால் சில மெஷின்களில் கம்பி மோட்டாரும் தளர்ந்து ஓடும். 2.5 வயர், 16 ஆம்பியர் சாக்கெட், சரியான எர்த் இவை வேண்டும். சுருட்டிய வயரை முழுக்கப் பிரித்துப் போட வேண்டும். சுருட்டியபடியே வைத்தால் சூடேறி உருகும்.

மெஷினின் தகட்டில் 20 சதவீதம், 60 சதவீதம் என்று எழுதியிருப்பது 10 நிமிடத்தில் எவ்வளவு நேரம் ஒட்டலாம் என்ற கணக்கு. 20 சதவீதம் என்றால் 2 நிமிடம் ஒட்டி 8 நிமிடம் ஆறவிட வேண்டும். மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் நிற்பது கோளாறு அல்ல, பாதுகாப்பு. மெஷினை அணைக்காமல் விசிறி ஓடவிட்டு ஆறவிடுங்கள்.

இன்னொன்று: கேஸ் போட்டு ஒட்டும் கம்பிக்கு டார்ச் பாசிட்டிவ் முனையில் இருக்க வேண்டும். கேஸ் இல்லாத மருந்துக் கம்பிக்குப் பொதுவாக டார்ச் நெகட்டிவ். மாற்றி இணைத்தால் ஆர்க் நிலையாக இராது, அதிகம் தெறிக்கும். வாடிக்கையாளர் அதையும் கம்பி ஓட்டக் குறை என்றே சொல்வார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. பில் கொடுக்காமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதன்படி முறையற்ற வணிகம். எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்று பில்லில் குறிப்பிட்டிருந்தால் அந்தக் காலம். குறிப்பிடாவிட்டால் 30 நாள். "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று அச்சடித்திருப்பது குறையுள்ள பொருளுக்குச் செல்லாது.

தேய்ந்த டிப்பும் தவறாக மாட்டிய ரோலரும் மெஷினின் குறை ஆகா. ஆனால் அதை நாம் விளக்கிக் காட்ட வேண்டும். தெரியாமல் "உங்கள் கைக் கோளாறு" என்று சொல்லி அனுப்பினால் வழக்கு வரும். துருப் பிடித்த கம்பியை விற்றிருந்தால் தவறு நம்முடையதே. மெஷினின் மாடலையும் வரிசை எண்ணையும் பில்லில் எழுதுங்கள். விற்கும்போதே கடையில் கம்பி மாட்டி ஓட்டிக் காட்டி அனுப்புங்கள். அந்தப் பத்து நிமிடம் வீண் போகாது.

மளிகைக் கடைக்குள் ஒட்டுபவர்களுக்கு

கடைசியாக மெஷின் வாங்கும் மளிகை வணிகர்களுக்கு ஒரு வார்த்தை. சாக்கு, அட்டைப் பெட்டி, எண்ணெய் டின், சூடம், தீப்பெட்டி இவற்றுக்கு நடுவே நெருப்புப் பொறி பறக்கும் வேலையைச் செய்யாதீர்கள். மாவுத் தூசி காற்றில் பறந்தால் அதுவும் தீப்பிடிக்கும். ரேக்கை வெளியே கொண்டுவந்து ஒட்டுங்கள். முடியாவிட்டால் சுற்றிலும் 35 அடிக்குள் எரியக்கூடிய சரக்கு இல்லாமல் அகற்றுங்கள். தண்ணீர் வாளியும் மணலும் அருகில் இருக்கட்டும், மின் இணைப்பைத் துண்டிக்காமல் தண்ணீரை ஊற்ற வேண்டாம். வேலை முடிந்ததும் ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டு போய்விடாமல் ஒரு மணி நேரமாவது இருந்து பார்க்க வேண்டும். மூட்டைக்குள் விழுந்த பொறி மெதுவாகக் கனிந்து பிறகுதான் பற்றும்.

முகக் கவசம் இல்லாமல் ஒரு நிமிடமும் ஒட்டக் கூடாது. வேடிக்கை பார்க்கும் பையன்களையும் அப்புறப்படுத்துங்கள். துத்தநாகம் பூசிய தகட்டை அப்படியே ஒட்டினால் வரும் புகை காய்ச்சலை உண்டாக்கும். பூச்சைச் சுரண்டிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் ஒட்டுங்கள்.

சுருக்கமாக

மோட்டார் ஓடவில்லை என்றால்: சூடு, விசை, பியூஸ், பிறகு கம்பெனி.
கம்பி முனையில் ஒட்டிக்கொண்டது: டிப், கம்பி வேகம், டார்ச் தூரம்.
ரோலர் சுற்றுகிறது, கம்பி வழுக்குகிறது: பள்ளத்தின் அளவு, ஸ்பூல் பிரேக், அமுக்கம், டிப் அடைப்பு, துரு.
குருவிக்கூடு விழுகிறது: டிப் அடைப்பு, அதிக அமுக்கம், லைனர் குட்டை.
கேபிளை வளைத்தால் மட்டும் நிற்கிறது: லைனர்.
காற்றில் சரி, ஒட்டும்போது திக்குகிறது: எர்த் கிளாம்ப், தேய்ந்த டிப், இணைப்பு மாற்றம்.

இந்தப் பட்டியலைத் தனித்தாளில் எழுதிக் கல்லாவுக்கு அருகில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பையனுக்கும் ஒருமுறை செய்து காட்டுங்கள். மெஷினைத் தூக்கிக்கொண்டு கோபமாக வருபவர், பத்து நிமிடத்தில் ஒரு டிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பலாம்.